அமெரிக்காவில் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகளுக்குச் சம்பளம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலிருந்து அல்ல. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்ற அன்றாடக் கவனிப்பை நீண்ட காலத்துக்கு அது ஏற்பதில்லை. வழி, வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டில்தான். பராமரிப்பவரைப் பயனாளியே தேர்ந்தெடுக்கும் திட்டம் பல மாநிலங்களில் உண்டு. வளர்ந்த மகளையோ மகனையோ அமர்த்திக்கொள்ளலாம். கணவன் மனைவிக்கு விதிகள் கடுமை.

எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் என்பது, அம்மாவுக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட வருபவர் எழுதுவதைப் பொறுத்தது. நம் வீடுகளில் இங்கேதான் சறுக்கும். "எனக்கென்ன, எல்லாம் நானே செஞ்சுக்குவேன்" என்று அம்மா கௌரவத்துக்குச் சொல்லிவிடுவார், மணி நேரம் குறைந்துவிடும். அதனால் இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்தார், கழிப்பறையில் யார் தாங்கினார்கள், எந்த மாத்திரை விட்டுப்போனது, எங்கே தடுமாறினார் என்று தேதியோடு எழுதி அதன் நகலைக் கொடுங்கள். அம்மாவை மறுத்துப் பேசவேண்டிய சங்கடமும் இராது.

வேலை நேரத்தைப் பெரும்பாலும் கைப்பேசிச் செயலியில் பதியவேண்டும். ஒரே வீட்டில் வசிப்பவருக்குச் சில மாநிலங்கள் விலக்குத் தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

மெடிகெய்டு இன்னும் இல்லை, அம்மாவின் சேமிப்பிலிருந்து தருகிறீர்கள் என்றால் மிகவும் கவனம் தேவை. பின்னாளில் முதியோர் இல்லச் செலவுக்கு மெடிகெய்டு கேட்கும்போது, பெரும்பாலான மாநிலங்களில் முந்தைய 60 மாதக் கணக்கைப் பார்ப்பார்கள். ஒப்பந்தம் இல்லாமல் மகளுக்குப் போன பணத்தை அன்பளிப்பாகக் கருதி, அதற்கேற்ப உதவியைத் தள்ளிப்போடுவார்கள். முதல் சம்பளத்துக்கு முன்பே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும்: என்ன வேலை, வாரம் எத்தனை மணி, அந்த ஊரில் வெளியாளுக்குத் தரும் கூலியை ஒட்டிய தொகை. கடந்த வருடங்களின் உழைப்புக்குச் சேர்த்துத் தருவது எவ்வளவு நியாயமானாலும் இந்தக் கணக்கில் பொதுவாகச் செல்லாது. பணம் வங்கி வழியே போகட்டும். அம்மாவின் பவர் பத்திரம் மகளிடமே இருந்தால், இருபுறமும் அவரே கையெழுத்திடக் கூடாது, வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. மகள் அம்மாவோடு ஒரே வீட்டில் வசித்தால், வீட்டிலேயே கவனிப்புக்குப் பணம் தரும் மெடிகெய்டு விலக்குத் திட்டங்களின் (waiver) கீழ் வரும் சம்பளத்துக்குப் பொதுவாகக் கூட்டரசு வருமான வரி இல்லை. அம்மாவே கைப்பணத்தில் தந்தால் அது வரிக்குரிய வருமானம்.