நான்கும் ஒத்துப்போனால் போதுமா? அணுஉலை சென்சார் டிரிஃப்ட்: கேள்வி பதில்

கேள்வி: டிரிஃப்ட் என்றால் சென்சார் கெட்டுப்போவதுதானே சார்?

பதில்: இல்லை. கெட்டுப்போன சென்சார் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: அளவு சட்டென்று கீழே விழும், அல்லது உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும். டிரிஃப்ட் ஆகும் சென்சார் நம்பும்படியான எண்ணையே காட்டும்; அந்த எண் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும்.

கேள்வி: ஒரே அழுத்தத்தை நான்கு டிரான்ஸ்மிட்டர்கள் (அளந்ததை மின்சமிக்ஞையாக அனுப்பும் கருவிகள்) அளக்கின்றன. நான்கும் ஒத்துப்போகும்போது எதற்குக் கேலிப்ரேஷன், அதாவது தெரிந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவது?

பதில்: பாதி சரி. எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும்போதெல்லாம், பொதுவாக 18 முதல் 24 மாதத்துக்கு ஒருமுறை, எல்லாவற்றையும் கேலிப்ரேட் செய்வது பழைய வழக்கம். பெரும்பாலானவை வரம்புக்குள்ளேயே இருந்தன. நன்றாக இருப்பதைத் தொடப்போய், ஒரு வால்வைத் திறக்க மறந்து புதுப் பிழையை உண்டாக்கும் ஆபத்தும் உண்டு. ஊழியர் உடம்பில் கதிர்வீச்சும் கூடும். அதனால்தான் உலை ஓடும்போதே நான்கையும் ஒப்பிட்டு, விலகுவதை மட்டும் திருத்தும் முறை வந்தது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2000-இல் இதை நிபந்தனையோடு ஏற்றது: ஒவ்வொரு எரிபொருள் சுற்றிலும் முறைவைத்து ஒன்றையாவது கையால் கேலிப்ரேட் செய்ய வேண்டும். நான்கும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் ஒப்பீட்டில் எதுவுமே தெரியாது. இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, முழுத் திறனில் ஓடும் உலையில் கருவி ஒரே அளவில்தான் நிற்கிறது. மற்ற அளவுகளில் அது எப்படி என்று அறிய, உலை தொடங்கும்போதும் நிற்கும்போதும் பதிவானதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான்கும் ஒரே பக்கம் நகர்வதெல்லாம் ஏட்டில்தான். எங்கே நடந்தது?

பதில்: ரோஸ்மவுண்ட் நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டர்கள் சிலவற்றில், உள்ளே அடைத்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து அளவு நகர்வதாக அதே ஆணையம் 1990-இல் எச்சரித்தது. ஒரே மாடல், ஒரே வயது, ஒரே வெப்பம் என்றால் ஒரே விதமாகத்தான் மூப்படையும். 2011-இல் விபத்துக்குள்ளான ஜப்பானின் ஃபுகுஷிமா முதல் உலையையும் பாருங்கள். எரிபொருளின் ஒரு பகுதியாவது நீரில் மூழ்கியிருப்பதாக நீர்மட்டக் கருவிகள் காட்டிக்கொண்டிருந்தன. 2011 மே மாதம் ஊழியர்கள் உள்ளே போய்க் கருவியைச் சரிபார்த்தபோதுதான், நீர் எரிபொருளுக்கும் கீழே போயிருந்தது தெரிந்தது.

கேள்வி (அதே நண்பர்): ஃபுகுஷிமா விபத்து. அதை டிரிஃப்ட் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

பதில்: அது டிரிஃப்ட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நீர்மட்டத்தை ஒப்பிட்டு அளக்க நீர் நிரப்பி வைத்திருக்கும் ஒப்பீட்டுக் குழாயில் இருந்த நீர் வெப்பத்தில் ஆவியானதால் வந்த பிழை அது. ஆனால் ஒரே காரணம் எல்லாக் கருவிகளையும் ஒரே பக்கம் இழுக்கும் என்ற என் வாதம் அப்படியேதான் நிற்கிறது. விபத்து வேண்டாமென்றால் அன்றாட உதாரணம் தருகிறேன். நீராவி ஆக்கிக்குப் போகும் ஊட்டுநீரை வென்ச்சுரி (நடுவில் குறுகும் குழாய்; அங்கே அழுத்தம் குறைவதை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடலாம்) அளக்கிறது. அதன் உள்சுவரில் படிவு சேர்ந்தால் ஓட்டம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அதை வைத்துக் கணக்கிடும் வெப்பத்திறனும் கூடுதலாக வரும். வரம்பைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்து இயக்குபவர்கள் உலையைக் குறைவாக ஓட்டுவார்கள்; மின்சாரம் நட்டம். எல்லாக் குழாய்களிலும் அதே நீர், அதே படிவு. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு என்ன பயன்? ஒலியலையால் ஓட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் போல வேறு தத்துவத்தில் இயங்கும் கருவி பக்கத்தில் வேண்டும்.

கேள்வி: வேறு கருவி இல்லாவிட்டால்?

பதில்: இயற்பியலைக் கேளுங்கள். நீரும் நீராவியும் சமநிலையில் சேர்ந்திருக்கும் இடத்தில் அழுத்தம் தெரிந்தால் வெப்பநிலையும் தெரியும். இரண்டும் முரண்பட்டால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

கேள்வி: நான்கின் சராசரியை உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. முன்பு சொன்னதுதான்: நான்கும் சேர்ந்து நகர்ந்தால் சராசரியும் கூடவே நகரும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிட்டால்?

பதில்: உதவும். ஆனால் பழக்கும்போதே தரவு நகர்ந்திருந்தால் அந்த நகர்வையே அது சரி என்று கற்கும். திரும்பவும் அதே எச்சரிக்கைதான்.

கேள்வி: வீட்டில் வைக்க எந்தக் கதிர்வீச்சு மீட்டர் நல்லது?

பதில்: என் துறை இல்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையினரைக் கேளுங்கள்.

கேள்வி: கேலிப்ரேஷன் சரியாக இருந்தும் சென்சார் தாமதமாக வினைபுரிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அருமையான கேள்வி தம்பி. நிலையான அளவிலும் ஒரு சிறு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலை அலசினால் வினைபுரியும் வேகம் தெரியும். அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் சிறு குழாய் அடைத்தாலோ எண்ணெய் கசிந்தாலோ வேகமான நடுக்கங்கள் முதலில் மறையும். பதிவாகும் கோடு வழக்கத்துக்கு மாறாக வழவழப்பாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பிளாட்டினம் வெப்பமானிகளுக்கு வேறு வழி: சிறு மின்னோட்டம் செலுத்திச் சூடாக்கி, அளவு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று உலை ஓடும்போதே சோதிக்கலாம்.