கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் ஏன் தனி மென்பொருள்? மருத்துவமனையின் பொதுக் கணினிப் பதிவு போதாதா?

போதாது. பொதுப் பதிவு நடந்ததை எழுதி வைக்கும். கதிர்வீச்சுப் பிரிவின் தகவல் அமைப்பு சிகிச்சைக் கருவியோடு நேரடியாக இணைந்து, நடக்கப்போவதையும் சரிபார்க்கும். வேரியன் நிறுவனத்தின் ‘ஆரியா’, எலெக்டா நிறுவனத்தின் ‘மோசைக்’ இரண்டும் இந்த வகை.

காரணம் சிகிச்சையின் இயல்பிலேயே இருக்கிறது. கதிரைப் பெரும்பாலும் ஒரே நாளில் கொட்டிவிட முடியாது. நல்ல திசுக்கள் தேறிக்கொள்ள அவகாசம் வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான 70 கிரே (கதிர் அளவின் அலகு) அளவை நாளுக்கு 2 கிரே வீதம் 35 தவணையாக, வாரம் ஐந்து நாள் என ஏழு வாரம் தருவார்கள். ஒவ்வொரு தவணைக்கும் கருவியின் கோணம், கதிரின் ஆற்றல், அதை வடிவமைக்கும் உலோகத் தகடுகளின் நிலை என்று ஏகப்பட்ட எண்கள். காகித அட்டையைப் பார்த்துக் கையால் பதித்த காலத்தில் ஓர் எண் பிசகினாலும் வம்புதான். இப்போது சிகிச்சைத் திட்டத்திலுள்ள எண்ணும் கருவியிலுள்ள எண்ணும் பொருந்தாவிட்டால், பொறுப்பானவர் அனுமதிக்காமல் கதிர் தொடங்காது.

ரேஷன் கடையில் கார்டை ஸ்கேன் செய்ததும் யாருடையது, எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு வாங்கியாச்சு என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? அதற்கு மேல் பில் விழாது. அப்படித்தான்.

புதிதாக இதற்கு மாறும்போது பெரிய தலைவலி, பாதி சிகிச்சையில் இருப்பவர்கள். அவர்கள் இதுவரை பெற்ற அளவைப் பிழையில்லாமல் ஏற்ற வேண்டும்.

சரி, கணினி வந்துவிட்டால் தவறே நடக்காது என்று பலர் நினைக்கிறார்கள்; திட்டமே தவறாக ஏறியிருந்தால் அதே தவறை 35 நாளும் அது அப்படியே செய்யும், அதனால்தான் முதல் தவணைக்கு முன் மருத்துவ இயற்பியலாளர் தனியாகச் சரிபார்க்கிறார்.