நான்கு மாதமாகியும் வலி: முதுகு அறுவை சிகிச்சை தோற்றுவிட்டதா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. கூன் விழுந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்த முதுகெலும்பை நிமிர்த்த, நான்கு மாதங்களுக்கு முன் கோவையில் அறுவை சிகிச்சை செய்து கம்பியும் ஸ்குரூவும் பொருத்தினார்கள். இன்னும் வலி இருக்கிறது. வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை. கோத்தகிரிக் குளிரில் கம்பி இறுகிவிட்டது, எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். தானே அழைத்துப் போவதாகவும் சொல்கிறார். போகலாமா?

பதில்: போக வேண்டாம். நீவுவதற்காக யாரையும் அந்த முதுகில் கைவைக்க விடாதீர்கள்.

வெளியே உறைபனி விழுந்தாலும் உடம்புக்குள் ஏறக்குறைய 37 டிகிரிதான். கம்பிக்குக் கோத்தகிரியும் ஒன்றுதான், மேட்டுப்பாளையமும் ஒன்றுதான். குளிரில் இறுகுவது தசை. அதற்குக் கம்பளி போதும். கம்பி வெறும் முட்டுக்கொடுப்பு. எலும்போடு எலும்பு ஒட்ட 6 மாதம் முதல் ஓராண்டு ஆகும். இந்த வயதில் இன்னும் தாமதமாகலாம். அதற்குள் நீவித் திருகினால், வலுக்குறைந்த எலும்பில் ஸ்குரூவின் பிடி தளர்ந்துவிடும்.

அழைத்துப் போகிறேன் என்பவருக்கு அங்கே எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நீவல் பலிக்காவிட்டால் அடுத்து, "ஸ்குரூவைக் கழற்றிவிடலாம்" என்று வேறொரு மருத்துவமனைக்குக் கைகாட்டுவார். அங்கும் கமிஷன் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவரும் இதே ரகம். அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது.

நான்கு மாதத்தில் தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். இவ்வளவு பெரிய அறுவைக்குப் பின் முன்னேற்றத்தின் பெரும்பகுதி தெரிய ஓராண்டாகும். சிலருக்கு இரண்டாம் ஆண்டிலும் தொடரும். கேட்க வேண்டிய கேள்வி வலி இருக்கிறதா என்பதல்ல, போன மாதத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நடக்கிறாரா என்பதுதான். சமதரையில், நாளுக்குப் பல தடவை, சிறிது சிறிதாக நடக்கட்டும். பாசி பிடித்த படிக்கட்டும் இறக்கமும் இப்போதைக்கு வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுபவரானால் இன்றே நிறுத்த வேண்டும். நிகோடின் எலும்பை ஒட்டவிடாது.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. கம்பி முடியும் இடத்துக்கு மேலே புதிதாகக் கூன் விழலாம். வயதானவர்களுக்கு இது அரிதல்ல. வலி பெரிதாக இல்லாமலே வரும் என்பதால் வீட்டில் கவனிக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை, அதே கதவு நிலையருகே, பக்கவாட்டில் நிற்க வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். காது, தோள், இடுப்பு மூன்றும் நிலைச்சட்டத்திலிருந்து எவ்வளவு முன்னே போகின்றன என்று பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். முன்சாய்வு கூடினால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சல், தையலில் கசிவு என்றால் அன்றைக்கே புறப்பட வேண்டும்.

"பிசியோதெரபி தொடரவும்" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒற்றை வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மலையில் எங்கே தொடர்வது, யாரிடம் தொடர்வது என்பது எழுதியவருக்குக் கவலையில்லை. 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்க ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். நாளை என்றால் நாளை மறுநாளும் போய் நில்லுங்கள்.

கோவைக்குப் போகுமுன், நின்ற நிலையில் முழு முதுகெலும்பும் தெரியும் எக்ஸ்ரே அன்றே எடுக்க முடியுமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். படுக்கவைத்து எடுத்த சின்னப் படத்தில் சாய்வு தெரியாது. அதற்காக அவரை இன்னொரு முறை கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கிக் கொண்டுபோக வேண்டிவரும்.