மூன்று மாத பில் நிலுவையில் இருக்கும்போது நான்காவது மாதம் எழுதாதீர்கள்

வேலையை விட்டுவிட்டு ஒரே ஏஜென்சிக்கு வார்த்தைக்கு 60 பைசா கணக்கில் எழுதுகிறேன், மூன்று மாதப் பணம் வரவில்லை, கேட்டால் 'கிளையன்ட் இன்னும் தரலை' என்கிறார்கள், பேசாமல் வேலைக்கே திரும்பிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்புவதை அப்புறம் பார்க்கலாம் நண்பரே. முதலில் புதுக் கட்டுரை அனுப்புவதை நிறுத்துங்கள். அவர்களுடைய கிளையன்ட் தந்தாரா இல்லையா என்பது உங்கள் தலைவலியே இல்லை.

வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் படிவத்தை (உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியின் பட்டியல்) திறந்து பாருங்கள். அந்த மாதங்களுக்கு உங்கள் பெயரில் டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) கட்டியிருந்தால் பில்லை அவர்களே கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில் எண், தேதி, தொகை, பணம் தர வேண்டிய கடைசி நாள் எல்லாம் போட்டு மெயில் அனுப்புங்கள், வாட்ஸப் வேண்டாம். எழுத்துமூலம் உரிமையை மாற்றித் தராதவரை 1957 பதிப்புரிமைச் சட்டப்படி கட்டுரை உங்களுடையதுதான் என்ற வரியையும் சேருங்கள். பலருக்கு அந்த வரி வேலை செய்யும்.

இனி வரும் பில்களுக்காக உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்துவிடுங்கள். ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது (காசு கேட்கும் போலித் தளங்கள் உண்டு, ஜாக்கிரதை). பதிவு இருந்தால் 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கும் கம்பெனி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும், சிறு தொழில்களுக்கான 2006 சட்டம் அது. பதிவுக்கு முந்தைய பாக்கிக்கு அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் அந்த 60 பைசா... ஏஜென்சியை விட்டு நேரடியாக மருத்துவமனை, ஜவுளி நிறுவனம் என்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள், பாதி முன்பணத்தோடு.