பல் அளவை மறுபடியும் எடுக்க வேண்டும் என்றால் அது ஏமாற்றா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இல்லாத இடத்தில் மூன்று பல் பிரிட்ஜ் (இரு பக்கப் பற்களைச் சீவி அவற்றின் மேல் ஒட்டும் செயற்கைப் பல் தொகுதி) போடுவதற்காக எனக்கு ரப்பரில் அளவு, அதாவது பற்களின் பதிவு, எடுத்தார்கள். வாயிலிருந்து எடுத்தபோது அதன் ஓரத்தில் சில இடங்கள் பிசுபிசுப்பாக இருந்தன. செயற்கைப் பல் செய்யும் சேலம் லேபிலிருந்து வந்த பிரிட்ஜ் சரியாக உட்காரவில்லை. மறுபடியும் அளவு எடுக்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்கிறார் மருத்துவர். எங்கள் ஊருக்கு வந்து போகும் ஒருவரோ வீட்டிலேயே அதே ரப்பரில் பாதி விலைக்கு அளவெடுத்து லேபுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். யாரை நம்புவது? (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மறுபடியும் அளவு எடுப்பது ஏமாற்று அல்ல. சரியாக உட்காராத பிரிட்ஜைத் தேய்த்துத் தேய்த்து அழுத்திப் பொருத்துவதைவிட அதுவே நேர்மையான வழி. ஓரத்தில் இடைவெளி இருந்தால் பிரிட்ஜை ஒட்டும் சிமெண்ட் கரைந்து, உள்ளே இருக்கும் பல் உங்களுக்குத் தெரியாமலேயே சொத்தையாகும். ஆனால் முதல் அளவு கெட்டதற்கு நீங்கள் காரணம் அல்லாதபோது அதற்கான பணத்தை உங்களிடம் கேட்பது நியாயமில்லை என்று மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

நீங்கள் குறிப்பிட்ட பிசுபிசுப்புதான் இதில் முக்கியமான தடயம். இப்போது பரவலாகப் பயன்படும் அடிஷன் சிலிக்கோன் என்ற வகையை, மாவு போன்ற புட்டியாகவும் அதன் மேல் பாயும் மெல்லிய கலவையாகவும் சேர்த்து வாயில் வைக்கிறோம். இதை இறுகச் செய்யும் பிளாட்டினம் சேர்மத்தைக் கந்தகம் செயலிழக்கச் செய்துவிடும், சாதாரண லேடெக்ஸ் கையுறையிலோ கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. அந்தக் கையுறையோடு புட்டியைப் பிசைந்தால் மட்டும்தான் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதே கையுறையால் பல்லையும் ஈறையும் தொட்டுவிட்டு, பிறகு கையுறையை மாற்றினாலும், பல்லில் ஒட்டிய எச்சம் போதும், அந்த இடத்தில் மட்டும் ரப்பர் இறுகாமல் நிற்கும். ஆகவே பல்லைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, வினைல் கையுறையோடு வேலை செய்ய வேண்டும். இறுகாத ஓரத்தில் பல்லின் விளிம்பு பதியாது. விளிம்பு பதியாத அளவில் எந்த லேபும் சரியான பிரிட்ஜ் செய்ய முடியாது. கண்டன்சேஷன் சிலிக்கோன் என்ற இன்னொரு வகை ரப்பருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கு வேறொரு குறை உண்டு.

அந்தக் குறையைத்தான் உங்கள் ஊருக்கு வரும் ஆளிடம் நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். கண்டன்சேஷன் சிலிக்கோன் இறுகும்போது எத்தில் ஆல்கஹால் வெளியேறி ஆவியாகிறது. அதனால் அது சுருங்கிக்கொண்டே போகும், ஒரு மணி நேரத்துக்குள் அதில் அச்சுக் கல்லை (பல்லின் மாதிரியை வார்க்கும் கலவை) ஊற்றிவிட வேண்டும். பஸ் பார்சலில் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அது போய்ச் சேர்வதற்குள் பல்லின் அளவு மாறியிருக்கும். பொடியைத் தண்ணீரில் கலக்கும் ஆல்ஜினேட் இன்னும் மோசம்: காய்ந்தால் சுருங்கும், ஈரத் துணியில் நெடுநேரம் சுற்றி வைத்தால் ஊதும். அடிஷன் சிலிக்கோன் மட்டும் நன்றாக இறுகிவிட்டால் ஒரு வாரம் வரைகூட அளவு மாறாமல் இருக்கும். இவையெல்லாம் ஊருக்கு வரும் அந்த ஆளுக்கு ‘அதே ரப்பர்’தான்! பொருள் எதுவாக இருந்தாலும், பல் மருத்துவராகப் பதிவு செய்யாதவர் உங்கள் வாயில் கை வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்திலிருந்தே இந்தத் தடை இருக்கிறது. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்குபவருக்கு வாசலைக் காட்டுங்கள். தருமபுரிப் பக்கம் ஃப்ளூரைடு தண்ணீரால் பல் பழுப்பேறிய இளைஞர்களிடம், நல்ல பல்லைச் சீவிக் கேப் போட்டுவிடலாம் என்று ஆசை காட்டுபவர்களும் இதே வகைதான்.

இந்த ஆட்கள் பிழைப்பதற்கு மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒன்றும் இல்லை. தனியார் மருத்துவமனையின் ரசீதிலோ ‘பிரிட்ஜ்’ என்று ஒரே வரி. எந்தப் பொருளில் அளவெடுத்தார்கள், எந்த லேபுக்குப் போனது என்று எழுதித் தரும் பழக்கமே இல்லை, எழுதித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் யாரும் இல்லை.

மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த வகை ரப்பர், எந்தக் கையுறை, அச்சு எப்போது ஊற்றப்படும். கோடைக் காலத்தில் குளிர்ந்த அறையில் எடுக்கச் சொல்வதும் தவறில்லை, ஏனெனில் வெப்பத்தில் ரப்பர் சீக்கிரம் இறுகி, அதை ஏந்தும் டிரே (தட்டு) வாய்க்குள் போய்ச் சேரும் முன்பே பாயும் தன்மையை இழக்கும். வாயிலிருந்து எடுத்ததும் ஓரத்தை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்; கிழிசலோ குமிழியோ பிசுபிசுப்போ தெரிந்தால் அப்போதே இன்னொரு முறை எடுத்துவிடலாம். புதிய பிரிட்ஜ் வரும்வரை தற்காலிகக் கேப் சீவிய இரண்டு பற்களிலும் இருக்க வேண்டும். அது கழன்றால் அன்றே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். சில வாரங்கள் விட்டால் பல் நகர்ந்துவிடும், அப்புறம் இரண்டாவது அளவும் பயன்படாது.