எண்ணிக்கையா கொன்றது?

கேள்வி: மாசித் திருவிழா சமயத்தில் எங்கள் தெருவில் நடந்த பட்டிமன்றத்தில், அம்பிகாபதியின் சாவுக்கு அமராவதியின் அவசரமே காரணம் என்று தீர்ப்பு சொன்னார்கள். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி, 99-லேயே 100 முடிந்தது என்று அவள் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். நியாயமான தீர்ப்புதானே?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: நியாயமே இல்லை. எட்டிப் பார்த்தவள் தலையில் பழியைக் கட்டி, வெட்டச் சொன்னவனைத் தப்பவிட்டிருக்கிறார்கள்.

கதையை இன்னொரு முறை யோசியுங்கள். கம்பர் மகன் தன் மகளை விரும்புகிறான் என்று தெரிந்ததும் சோழன் நிபந்தனை வைக்கிறான். சிற்றின்ப வாடை இல்லாமல் 100 பாடல் பாடினால் பெண், தவறினால் கொலைக்களம். 100 பாடினால் பெண்ணைத் தருகிறேன் என்று சொல்ல முடிந்தவனுக்கு, பாடாமலே தரவும் முடியும். மனமில்லை என்றால் மறுத்திருக்கலாம், நாட்டைவிட்டு அனுப்பியிருக்கலாம். கொலையைத் தேர்ந்தெடுத்தது அவன். காப்புச் செய்யுள் கணக்கில் சேருமா என்பது புலவர்கள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி. அதற்கு ஓர் உயிரைப் பணயம் வைத்ததும் அவன்தான். காதலன் தலைக்கு மேல் கத்தி தொங்க, திரைக்குப் பின்னால் ஒவ்வொரு பாட்டாக எண்ணிக்கொண்டிருந்த பெண்ணின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்! அவளும் பிறகு உயிரோடு இல்லை. பதில் சொல்ல முடியாதவள் மேல் பழி போடுவது கொடுமை.

ஒட்டக்கூத்தர் மேல் பாய்கிறவர்களும் உண்டு. மூன்று சோழர்கள் மீது உலா பாடிய பெரும்புலவரைச் செவிவழிக் கதை கோள்மூட்டி ஆக்கிவிட்டது. கோள் சொன்னதாகவே இருக்கட்டும். கேட்டவனுக்குப் புத்தி எங்கே போயிற்று?

கம்பர் இராமாயணம் எழுத வட்டப்பாறை அம்மன் பந்தம் பிடித்தாள் என்று நம்பும் ஊர் உங்களுடையது. அதே கோயில் மகிழ மரத்தடியில்தான், உன்னைப் பிரியேன் என்று சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போனது. 'மகிழடியில்தான் சத்தியம் செய்ய வேண்டும் என்று அவள் கேட்காமல் இருந்திருந்தால்' என்று சங்கிலியாரை யாரும் குறை சொன்னதில்லை. தவறு யாருடையதோ அவர் தலையிலேயே அதை வைக்கத் தெரிந்த ஊர் இது. அமராவதிக்கு மட்டும் வேறு நீதியா?

பழைய கதைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சாதி மாறிக் காதலித்த பிள்ளையை வெட்டிப் போட்ட மறுநாள் டீக்கடையில் என்ன பேசுகிறோம்? "அந்தப் பொண்ணு கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்." "இவங்க ஏன் திரும்ப ஊருக்கு வந்தாங்க?" இதுவும் அமராவதிக்குச் சொன்ன அதே தீர்ப்புதான். அரிவாள் எடுத்தவன், எடுத்துக் கொடுத்தவன், பெரியப்பா சித்தப்பா என்று கூடி முடிவெடுத்த குடும்பம் எல்லாம் பேச்சிலிருந்தே காணாமல் போகிறது.

வயது வந்த இருவர் சம்மதித்துவிட்டால் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பயந்து ஓடிவரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கேட்டு, அந்த எண்ணைத் தெருமுனையில் பெரிதாக எழுதி வையுங்கள்.