நம்பிக்கை மதிப்பெண் இறங்கினால் பயிலரங்கு தோல்வியா?

புது டி.ஏ.க்களுக்கு (கற்பித்தல் உதவியாளர்களுக்கு) நடத்திய பயிலரங்குக்கு முன் அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட 'வகுப்பு நடத்தும் நம்பிக்கை' மதிப்பெண் 5க்கு 4.1, முடிந்தபின் 3.6 என்று எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம், பெரும்பாலும் அளவுகோல்தான் நகர்ந்திருக்கும். கற்பித்தலில் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரியாத நிலையில் புது டி.ஏ.க்கள் தங்களுக்குத் தாராளமாகப் போட்டுக்கொண்டது அந்த 4.1. அது தெரிந்தபின் கறாராகப் போட்டது 3.6.

அடுத்த முறை முன்படிவத்தை விட்டுவிடுங்கள். முடிவில் ஒரே தாளில் 'வருமுன் எப்படி, இப்போது எப்படி' என இரண்டு கட்டம் போதும். இதிலும் பயிற்றுநர் மனம் கோணாமல் எழுதும் பழக்கம் தலைகாட்டும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

உங்கள் பயிலரங்கில் விடைத்தாள் திருத்தும் பயிற்சி இருப்பதால் நல்ல சான்று அங்கேயே கிடைக்கும். ஐந்தைந்து தாள்களாக இரண்டு கட்டு எடுங்கள். பாதிப் பேருக்கு முதல் கட்டு பயிற்சிக்கு முன், இரண்டாவது பின். மீதிப் பேருக்குத் தலைகீழாக. அப்போதுதான் 'பின்னால் வந்த கட்டு எளிது' என்ற சந்தேகம் வராது. சராசரியைப் பார்க்காதீர்கள், ஒரே தாளுக்கு வெவ்வேறு டி.ஏ.க்கள் போடும் மதிப்பெண்களின் இடைவெளி சுருங்குகிறதா என்று பாருங்கள்.

பிறகு செமஸ்டரின் 5ஆம் வாரம் வாக்கில் சில வகுப்புகளில் போய் உட்காருங்கள். கோபஸ் (COPUS) என்ற வகுப்பறைக் கவனிப்புப் படிவத்தில் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியரும் மாணவரும் என்ன செய்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். அந்தத் தாள் துறைத்தலைவர் கைக்குப் போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் அலங்கார வகுப்புதான் நடக்கும்.